முன்னிற்கும் சுரப்பி

அட்டையில் அப்படித்தான் எழுதித் தந்தாள் டொக்டர்ப் பிள்ளை,
நான் கேட்டதற்காகத் தமிழில்.
அறுபத்தாறு வயதுவரைக்கும் எனக்குள்
முன்னால் நிற்கிற ஒன்று இருந்தது தெரியாது.
முன்னால் நின்றவர்கள் எல்லாரையும்
பார்த்து முடித்துவிட்டேன் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"இரவில எத்தனை தரம் எழும்புறீங்கள்?"
நாலு. மழையென்றால் ஐந்து.
"வேற என்ன குளிசை போடுறீங்கள்?"
பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன்,
கொஞ்சம் பெருமையோடுதான்.

ஸ்காபரோவிலிருந்து மச்சான் யோகேந்திரன்
இரண்டு வருடமாய் அனுப்புவது.
சப்பாத்துக்கும் சொக்லேற்றுக்கும் நடுவில்
துவாயால் சுற்றி வரும்.
விற்றமின் ஈ. வெயிலில் பிடித்தால்
உள்ளே தேன் அசைகிற மாதிரி இருக்கும்.
என் அண்ணன் அந்த வருத்தத்தில்தான் போனவர்.
உனக்கும் வரக்கூடாது, மறக்காமல் போடு என்று
போனில் அழுதவன் யோகேந்திரன்.

அவள் போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தாள்.
கண்ணாடியைக் கழற்றினாள்.
வெளிநாட்டில் பெரிய ஆய்வு ஒன்று செய்தவையாம்.
வெறுங்குளிசை விழுங்கின ஆயிரம் ஆம்பிளைகளில்
ஏழு வருடத்தில் அறுபத்தைந்து பேருக்கு வந்ததாம்.
இதை விழுங்கின ஆயிரத்தில்
எழுபத்தாறு.
"குறையும் எண்டுதான் ஐயா அவையும் நினைச்சவை."

மிச்சம் பதினொரு பேர்.
அதில் நீங்கள் ஒராள் என்று சொல்லேலாது,
இல்லை என்றும் சொல்லேலாது என்றாள்.
ரத்தம் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை வரட்டாம்.

வட்டக்கச்சி பஸ்ஸில் பதினொரு பேரும் என்னோடு ஏறினார்கள்.
முகமில்லை. ஆளுக்கொரு போத்தல் மடியில்.
பெரிய தொகைகளை எண்ணிப் பழகின ஊர் இது,
அல்லது எண்ணாமல் விடப் பழகின ஊர்.
பதினொன்றை எண்ணி முடிக்க
என் இறக்கம் வரைக்கும் எடுத்தது.
போன் அடித்தது. யோகேந்திரன்.
எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல?

வாய்க்காலோரம் வயல். போன கிழமைதான் யூரியா எறிந்தேன்.
நெல் பச்சை கட்டி நிற்கிறது.
நடுவில் கோழிச்சூடன்,
நெல்லைவிடக் கறுத்து, நெல்லைவிட ஒரு சாண் உயர்ந்து.
நீ ஆரென்று கேட்டா பசளை வேருக்குள் போகிறது?

அதில் நிற்கும்போதுதான் சவிரிமுத்துவின் நினைப்பு வந்தது.
நெஞ்சு அடைத்தது.
ஒவ்வொரு மாதமும் தீப்பெட்டிக்குள் பதினைந்து குளிசை
நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தது.
வேண்டாமென்றவனை வற்புறுத்தியது.
செட்டிகுளம் முகாமில் ஒரே தறப்பாளின் கீழே
ஒரு சவர்க்காரத்தை நூலால் அறுத்து
எனக்குப் பாதி தந்தவன்.

மிளகாய்க் கண்டுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றான்.
பம்பின் சத்தத்துக்கு மேலாலே கத்தினேன்:
"உந்தக் குளிசையை நிப்பாட்டு! டொக்டர் சொன்னவ!"
அவன் மண்வெட்டியை ஊன்றிவிட்டுச் சிரித்தான்.
"எது, அந்த எண்ணெய்க் குளிசையோ?
தொண்டைக்குள்ள இறங்கேல்ல மச்சான்.
ஊசியால குத்திக் குதிக்காலில பூசுறனான்.
சொன்னால் கோவிப்பாய் எண்டு விட்டிட்டன்."

ஒரு காலைத் தூக்கிக் காட்டினான்.
வெடிப்பெல்லாம் மூடி, சேற்றுக்கு மேலே
பிறந்த பிள்ளையின் குதிக்கால் மாதிரி
மினுங்கிக்கொண்டிருந்தது.

வரம்பில் குந்திச் சிரிக்கத் தொடங்கினேன்.
நிற்பாட்ட முடியவில்லை.
சிரித்த சிரிப்பில் முட்டிக்கொண்டு வர
பூவரசுக்குப் பின்னால் போனேன்.
நின்றேன்.
பம்பு ஓய்ந்தது. கொக்கு ஒன்று இருந்து, எழும்பி,
அடுத்த வயலுக்குப் போனது.
இன்னும் நின்றேன்.

"வந்திட்டுதோ?" என்று கேட்டான் சவிரிமுத்து,
மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெதுவாக.

இன்னும் இல்லை என்றேன்.